மீம்களில் மோர்மன் ஊழியர்: சிரிப்பும் மத அதிகாரமும்

வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுடன் வீட்டு வாசலில் இரு இளைஞர்கள். இணையத்தில் உலவும் மீம்களில் மோர்மன் மத ஊழியர்கள் பெரும்பாலும் இக்கோலத்திலேயே தோன்றுகின்றனர். அவர்களைக் கண்டதும் விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ளும் வீட்டுக்காரரைச் சுற்றியே நகைச்சுவை அமைகின்றது. வாசலில் நிற்பவர் யார் என்ற வினா அங்கு எழுவதில்லை.

மோர்மன்கள் எனப் பொதுவாக அறியப்படுவோரின் திருச்சபை, 1830 ஏப்ரல் 6 ஆம் திகதி ஜோசப் ஸ்மித்தினால் நியூயோர்க் மாநிலத்தில் நிறுவப்பட்டது. தலைமையகம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள சோல்ட் லேக் சிற்றியில் அமைந்துள்ளது. இளைஞர்கள் இரண்டு வருடங்களும் யுவதிகள் 18 மாதங்களும் ஊதியமின்றி மதப் பணியாற்றுகின்றனர். எங்கு செல்வதென்பதைத் தலைமைப்பீடமே தீர்மானிக்கின்றது. ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது 2012 ஒக்டோபரில் 19 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பாடசாலைக் கல்வியை அப்போதுதான் முடித்த இளைஞனுக்குச் சபை வழங்கும் பட்டமோ 'எல்டர்', அதாவது மூப்பர். மீம் படைப்போர் இம்முரணை விட்டுவைக்கவில்லை.

எனினும், இம்மீம்களுள் கூர்மையானவை பல சபைக்குள்ளிருந்தே பிறக்கின்றன. ஒத்துவராத துணை ஊழியரை விட்டுப் பிரிய முடியாமை, கண்டிப்பான நேர ஒழுங்கு, சாத்தப்படும் கதவுகள், வீட்டாரைப் பிரிந்த ஏக்கம் என்பனவே அவற்றின் பொருள். குடும்பத்தாருடன் வருடத்தில் நத்தார், அன்னையர் தினம் ஆகிய இரு தினங்களில் மட்டுமே பேசலாம் என்ற வழமை இருந்தது. 2019 பெப்ரவரியிலேயே வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. அதுவரை அந்த ஏக்கத்தைப் பகிரங்கமாகச் சொல்ல நகைச்சுவையே வசதியான வழியாயிருந்தது எனலாம்.

மத அதிகாரத்தின்பால் இந்தச் சிரிப்பு காட்டும் போக்கு நோக்கத்தக்கது. அருகிலிருந்து விதிகளை நினைவூட்டும் கீழ்நிலைத் தலைவரைப் பற்றிய கேலி காரமானது. உச்சத்திலுள்ள 15 தலைவர்களையோ உறுப்பினர்கள் தீர்க்கதரிசிகளாக மதிப்பதால் கேலி செல்லமாகின்றது. முன்னாள் விமானியான டீற்றர் உக்டோர்ப்பின் பிரசங்கங்களில் எப்போது விமானம் வரும் என்று காத்திருப்பது அத்தகையது. 'மோர்மன்' என்ற பெயரைத் தவிர்க்குமாறு அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018 ஆகஸ்டில் கேட்டுக்கொண்டபோது, சில வருடங்களுக்கு முன் சபையே அப்பெயரில் பிரசாரம் நடத்தியமை வேடிக்கையாக நினைவூட்டப்பட்டது. சபையை விட்டு விலகியோர் இந்த எல்லையைப் பேணுவதில்லை. பெண்களுக்குக் குருத்துவம் வழங்கப்படாமை, சபையின் செல்வம் என்பன அவர்களது கணைகளுக்கு இலக்காகின்றன.

2011 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய, தன்னைக் கேலி செய்யும் இசை நாடகத்தின் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே சபை தனது நூலுக்கு விளம்பரம் செய்தது. வெளியாரின் பரிகாசத்தை எதிர்கொள்ள அது நிதானமான வழிதான். ஆனால் உள்ளிருந்து வரும் சிரிப்புக்கு விளம்பரம் விடையாகாது. உடல், உள நலிவினால் பணிக்காலம் முடியுமுன் வீடு திரும்பும் இளையோர் தம் சமூகத்திலேயே தலைகுனிவை எதிர்கொள்வதுண்டு. அவர்களது துயரம் மீம்களில் அரிதாகவே இடம்பெறுகின்றது. இளையோர் எதைக் கூறிச் சிரிக்கின்றனர் என்பதோடு, எதைச் சிரித்தும் கூற முடியாதிருக்கின்றனர் என்பதையும் அறிவது எந்த மதத் தலைமைக்கும் உரிய கடமையென நாம் கருதுகின்றோம்.