நோட்டில் ஏறாத சிக்கனம்

காலேஜ் செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் தாத்தாவைத்தான் நான் சுட்டிக் காட்டுவேன்.

சாத்தான்குளத்தில் பனையை நம்பிப் பிழைத்தவர் அவர். 1963-இல் அப்பாவைப் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார். 1878-இல் தோன்றிய தூய யோவான் கல்லூரியும், 1923-இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரியும் அங்கேதான் இருந்தன. சம்பளத்தைவிடச் சாப்பாட்டுக்கே பணம் அதிகம் போகிறது என்பதைத் தாத்தா கண்டுகொண்டார். ஹாஸ்டலை விட்டு ஓர் அறை பிடித்தார். அரிசியும் கருப்பட்டியும் ஊரிலிருந்து பஸ் ஏறின. 1965-இல் திருச்செந்தூரிலேயே ஆதித்தனார் கல்லூரி வந்தபோது, "ரெண்டு வருசம் முந்தி வந்திருக்கப்படாதா!" என்று அங்கலாய்த்தாராம்.

ஆனால் அவர் செய்த பெரிய சிக்கனம் கணக்கு நோட்டில் ஏறவில்லை. பெண்களுக்கென்று சாரா டக்கர் கல்லூரி 1900-க்கு முன்பே பாளையங்கோட்டையில் இருந்தது. அத்தையை அங்கே அனுப்ப வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அப்பாவைவிட அவள்தான் படிப்பில் கெட்டிக்காரி.

2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பேப்பரில் அத்தை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏல, அந்தப் பாக்கிய இப்பமாவது குடுக்காவளே!"