சுட்ட மண் தடுத்ததும் விட்டதும்

சமையலறைக் குழாயில் மாட்டும் தண்ணீர் வடிகட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பலவற்றில் உள்ளே வெள்ளையாக ஓர் உருளை இருக்கும். தொட்டால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி. சூளையில் சுட்ட பொருள்தாங்க அது. அதன் முன்னோடி ஒன்று அறிவியல் வரலாற்றையே திருப்பிவிட்டது.

1884இல் பாரிஸில், லூயி பாஸ்டரின் உடன் ஆய்வாளர் சார்ல்ஸ் சேம்பர்லாண்ட், பீங்கான் குழாயால் ஒரு வடிகட்டி செய்தார். வெண்களிமண்ணைச் சுட்டால் ஈரம் வெளியேறும். சூடு ஏற ஏறத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இடையில் நுண்ணிய சந்துகள் மிஞ்சும். தேநீர்க் கோப்பையாக இருந்தால் பளபளப்புப் பூச்சு அந்தச் சந்துகளை மூடிவிடும். இவர் பூசவில்லை, அவ்வளவுதான்! தண்ணீர் கசிந்து வந்தது; டைபாய்டு போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியா வெளியே நின்றது. அழுக்கு அடைத்தால் தேய்த்துக் கழுவி, மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தலாம்.

இனிதான் முக்கியமான இடம். 1892இல் ரஷ்ய அறிஞர் டிமித்ரி இவனோவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலைச் சாற்றை இந்த வடிகட்டியில் ஊற்றினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியா சுரந்த நச்சாக இருக்குமோ, இல்லை பாக்டீரியாவே எப்படியோ நழுவி வந்துவிட்டதோ என்று நினைத்தார். அவரைக் குறை சொல்லாதீங்க. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு இப்படி வடிந்து வருவதை 1888இல்தான் பாஸ்டர் கூடத்தில் காட்டியிருந்தார்கள்.

1898இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் அதே சோதனையைச் செய்தார். அதே முடிவு. ஆனால் அவர் இன்னொன்றையும் கவனித்தார். வடிந்த சாற்றால் நோயுற்ற செடியின் சாறு அடுத்த செடியைத் தாக்கியது. அதன் சாறு அதற்கடுத்ததை. வீரியம் குறையவே இல்லை. நச்சு என்றால் நீர்த்துப் போயிருக்க வேண்டுமே? ஆக, அது செடிக்குள் பெருகுகிறது. அதற்கு ‘வைரஸ்’ என்று பெயர் வைத்தார்.

தேர்வு எழுதும் மாணவர்களே, 1892, 1898 என்று ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீங்க. ஒரே வடிகட்டி, ஒரே முடிவு. பிறகு ஏன் விளக்கம் மாறியது என்று இரண்டு வரி எழுதுங்க. விடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் புகையிலை வைரஸின் அகலம் ஏறக்குறைய 18 நானோமீட்டர். பீங்கான் சந்து அதற்கு அகலமான வாசல். 1939இல் மின்னணு நுண்ணோக்கியில்தான் அதன் உருவத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள், மெல்லிய குச்சி போல.