மூணாவது சிடி

1959-ல வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எங்க நெல்லைச் சீமைக்குச் சொந்தப் படம். பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு எல்லாம் அப்போ திருநெல்வேலி மாவட்டம்தான். 1986-லதான் தூத்துக்குடி தனியாப் பிரிஞ்சது.

1993-ல பிறந்த வி.சி.டி.ல ஒண்ணுக்குச் சுமார் 74 நிமிஷம்தான் அடங்கும். படமோ மூணேகால் மணி நேரத்துக்கும் மேல. ஆக, மூணு சிடி. ஜாக்சன் துரையோட மோதல் முடிஞ்சு, கடைசி சிடியை எடுத்தா ஆச்சி தடுத்துருவாங்க. "போதும்யா, அதுல தூக்குல போட்டுருவான்!"

அப்புறம் டி.வி.டி. வாங்கியாச்சு. 2015-ல டிஜிட்டல்ல புதுப்பிச்சு தியேட்டருக்கும் வந்துச்சு. படம் பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா எங்கயும் நிக்காம, 1799 அக்டோபர் 16-க்கே, அந்தக் கயத்தாறு புளியமரத்துக்கே நேரா கொண்டு போயிருது.

அதான் மக்களே, கீறல் விழாத அந்த மூணாவது சிடியைத் தூக்கிப்போட மனசு வரல. உங்க வீட்ல எது இருக்கு?