பூட்டுப் போட்ட கைப்பேசி

நேரு வீதிக் கடைக்காரத் தம்பி என் சிம்மை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது லாக் போன். பிரான்ஸ் சிம் மட்டும்தான் எடுக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். 2005-ஆம் ஆண்டு. நான் அப்போது சர்வீஸில் இருந்தேன்.

1962 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு கப்பலேறிய குடும்பங்களில் என் அக்காவுடையதும் ஒன்று. அந்த வருஷம் அக்கா அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் பேசக்கூடிய காலை நேரம் நமக்கு நடுப்பகல்; நான் ஆபீஸில் இருப்பேன், வீட்டு போன் தனியே அடிக்கும். அதனால்தான் அவள் மகன் ஊருக்கு வந்தபோது தன் பழைய கைப்பேசியை என்னிடம் விட்டுப்போனான். பூட்டு இருப்பது அவனுக்கும் நினைவில்லை.

பூட்டு ஏன் என்றால், பிரான்சில் கம்பெனிகள் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனை மலிவாகக் கொடுத்து, மாத பில்லில் காசை மீட்கும். நடுவில் ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாதே! சிம்மில் உள்ள நாட்டு எண்ணையும் கம்பெனி எண்ணையும் போன் படித்துப் பார்க்கும். பிரான்ஸ் 208, இந்தியா 404. ஒத்துவராவிட்டால் வேலை செய்யாது. நம் ஊரில் 1995-இல் செல்போன் வந்த நாளிலிருந்தே பெரும்பாலும் போனை முழு விலைக்கு வாங்கி சிம்மைத் தனியாகப் போட்டோம். ஆகவே பூட்டு நமக்குப் புதுசு. ஒரு நல்ல காலம், இரண்டு நாட்டிலும் ஜிஎஸ்எம் அலைவரிசை ஒன்றே: 900, 1800. பூட்டைத் திறந்தால் போதும். (ஜிஎஸ்எம் என்பதே 1982-இல் 'குரூப் ஸ்பெசியால் மொபில்' என்ற பிரெஞ்சுப் பெயராகத்தான் பிறந்தது. ஆங்கில விரிவு பிறகு ஒட்டவைத்தது.)

ஆறு மாதம் கழிந்தால் கேட்பவருக்குத் திறவு எண்ணை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அப்போது அந்த நாட்டு விதியாக இருந்தது. நட்சத்திரம், சதுரம், 06, சதுரம் அழுத்தினால் வரும் பதினைந்து இலக்கத்தை அக்கா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று வாரத்தில் தபாலில் ஒரு தாள் வந்தது, முழுக்கப் பிரெஞ்சில். தலைப்பில் 'தெஸிம்லொக்காஜ்'. ஆங்கில 'லாக்'கை வயிற்றில் வைத்த பிரெஞ்சு வார்த்தை! எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆங்கிலக் கோப்புகளோடே காலம் போயிற்று. பல வருஷம் கழித்து வரிக்கு வரி பிரெஞ்சு படித்தேன். சில முறைக்கு மேல் தப்பாக அடித்தால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் என்று கடைசியில் போட்டிருந்தது. கை நடுங்கிவிட்டது.

மனைவி ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் அடித்தேன். திரை அணைந்து எரிந்தது. மூலையில் நம் ஊர்க் கம்பெனியின் பெயர்.

மறுநாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ரெக்கார்டு ரூமில் மணி அடித்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா.

இன்னும் இல்லை என்றேன். நாலு நிமிஷம் பேசினோம். அந்தப் போனின் மெனுவைக் கடைசிவரை நான் பிரெஞ்சிலிருந்து மாற்றவில்லை.