தொலைபேசிப் பெண்களுக்காக எழுதிய ஒரு வரி

1935இல் பிரிட்டனின் தபால் துறைச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். அந்நாளில் அங்கே தொலைபேசியும் தபால் துறையின் கையில்தான். இணைப்பகத்தில் உட்கார்ந்து கம்பியைச் செருகிப் பேச்சைக் கோத்துவிடுகிற பெண்களிடம் சில ஆண்கள் அசிங்கமாகப் பேசுவார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் அந்தத் திருத்தம் வந்தது என்று சட்ட வரலாற்றுக்காரர்கள் சொல்வதுண்டு. மிகவும் புண்படுத்துகிற, ஆபாசமான, மிரட்டுகிற செய்தியைத் தொலைபேசியில் அனுப்பினால் குற்றம். ஒருவர் காதுக்குள் நேராகப் போகிற பேச்சு அது. நியாயமான சட்டம்தானே?

அந்த வரி சாகவில்லை. சட்டம் சட்டமாக உடம்பு மாறி, 2003இல் பிரிட்டனின் தகவல்தொடர்புச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பிறகு கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 2008 டிசம்பரில், மக்களவையின் கூச்சல் குழப்பத்துக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறிய தகவல் தொழில்நுட்பத் திருத்தத்தில் 66ஏ பிரிவாக அது நுழைந்தது. பிரிட்டனில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. இங்கே மூன்று வருஷம். ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ என்ற வார்த்தைகளும் அதில் இருந்தன. எரிச்சலுக்கு மூன்று வருஷம் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் உள்ளேதான் இருக்கணும்.

2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவரைப் போலீஸ் விடிகாலையில் வந்து கைது செய்தது. அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி அவர் ட்வீட் போட்டிருந்தார். அவரைப் பின்தொடர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1908இல் பிரிட்டிஷ் அரசின் பிடியிலிருந்து தப்பி பாரதி வந்து சேர்ந்த அதே ஊர். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவுக்கு ஊரே அடைக்கணுமா என்று ஃபேஸ்புக்கில் கேட்ட ஒரு பெண்ணையும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணையும் பிடித்தார்கள். பெண்களைக் காக்கப் பிறந்த வரி வந்து நின்ற இடம் இது.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹிண்டன் நாரிமனும் 66ஏயை ரத்து செய்தார்கள். அந்த 1935 வேரையும் தீர்ப்பிலேயே தொட்டுக் காட்டினார்கள். ஆனாலும் அது சாகவில்லை! போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டு அதிர்ந்தபோது, சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே அச்சாகியிருக்கிறது, ரத்தான சேதி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. யார் அடிக்குறிப்பெல்லாம் படிக்கிறார்கள்?

இணையத்துக்குக் கட்டுப்பாடே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு இணைப்பகத்துப் பெண் கேட்ட வசவை இன்றைக்கு ஒரு பெண் இன்பாக்ஸில் படிக்கிறாள். அவளுக்குச் சட்டம் வேணும். ஆனால் அவளை மிரட்டுகிறவனையும் அமைச்சர் மகனைக் கிண்டல் செய்கிறவனையும் ஒரே வலையில் அள்ளுகிற சட்டம் அவளுக்கும் உதவுவதில்லை.

அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் பலர் அதன் இன்னொரு பாதியைக் கவனிக்கவில்லை. அரசு ஒரு பக்கத்தையோ பதிவையோ முடக்க வழிசெய்யும் 69ஏ பிரிவு செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2020 ஜூனில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் போனது அந்தப் பிரிவில்தான். 2009இல் வந்த அதன் விதிகளில் 16ஆவது, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. புதுச்சேரிக்காரருக்குத் தன்னை எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்றாவது தெரிந்தது. 69ஏயில் பதிவு காணாமல் போனவர், பல நேரம் அந்த உத்தரவைக் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை.