ஆலயத் தரையில் ஆடுபுலி

பழந்திருக்கோயில் மண்டபங்களில் அமர்வோர் தூணையும் விதானத்தையும் நோக்கி வியப்பர். தரையை நோக்குவோர் சிலரே. நோக்கின், சில தளங்களில் ஓர் உச்சியினின்று விரிந்திறங்கும் கோடுகளைக் குறுக்குக் கோடுகள் வெட்டிச் செல்லக் காணலாம். அஃது ஆடுபுலி ஆட்டத்தின் அரங்கு.

கோயிற் பொதுவிடத்திற்கும் காயாட்டத்திற்கும் உள்ள உறவு நெடியது. 'வல்' என்னும் ஆட்டப்பெயர் 'நாய்', 'பலகை' என்னும் சொற்களொடு புணருமாற்றைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் விதித்தார். ஈண்டு நாய் என்பது ஆடுகாய். புறநானூற்று 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், கடவுள் நீங்கிய தூணும் பலி ஒழிந்த அம்பலமும் காட்டுகின்றார். நரைமுதியோர் காயிட்டு ஆடிக் குழிந்த இடத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. வல்லும் ஆடுபுலியும் ஒன்றெனத் துணிதல் முறையன்று. ஆயினும், வழிபாடு நின்றால் மக்கள் கூட்டமும் நின்றுபோம் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆடுபுலியில் புலி 3, ஆடு 15, நிற்கும் இடம் 23. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குதல் வேண்டும். எல்லாம் இறங்குமுன் எவ்வாடும் நகராது. அடுத்து நிற்கும் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் புலி இறங்கின், அவ்வாடு வெட்டுண்ணும். பின்னே துணையாட்டைப் பெற்ற ஆட்டையோ புலி தாண்டமாட்டாது. ஆடுகள் புலியைக் கொல்லவும் இயலா. அசையவொட்டாது அடைத்தலே அவற்றின் வெற்றி.

இதனை வகுத்தோர் சித்தாந்தம் கருதினர் என்று யான் கூறேன். எனினும், சைவர் கண்ணுக்கு மூன்று புலிகள் மும்மலமாய்த் தோன்றுதல் இயல்பே. ஆணவம் அழிவதன்று, திருவருளால் அதன் வலி அடங்கும் என்பதே நம் கொள்கை. தனித்த உயிர் இரையாம். அடியார் கூட்டத்து உயிர் பிழைக்கும்.

யான் திருமடத்தில் பயின்ற இளமையில் நாள்தோறும் கண்ட அரங்கு ஒன்று உண்டு. பின்னர் நிகழ்ந்த திருப்பணியில் அக்கல் பெயர்க்கப்பட்டுப் புதுத்தளம் இடப்பட்டது. அருகிருந்தும் யான் வாய் திறந்திலேன். விளையாட்டுக் கோடுதானே என்றிருந்தேன். அப்பிழை இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது.

கொடையாளர் பெயரைக் கல்வெட்டுக் காக்கும். இக்கோடுகளோ, நடை சாத்திய உச்சிப்பொழுதில் அம்மண்டபத்தில் இளைப்பாறிய பெயரறியா மக்களின் சுவடு. குடமுழுக்குக் காணும் அன்பர்காள்! பழந்தளத்தைப் பெயர்க்குமுன் ஒருகால் குனிந்து நோக்குமின். கோடுடைய கல் ஒன்றிருப்பின், அஃது அங்கேயே கிடக்கட்டும். அதுவும் திருப்பணியே.

திருச்சிற்றம்பலம்