அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தில் வானிலை நெருக்கடியும் வீரிய ஒட்டு ரகங்களும் (1934–1970)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்காச்சோள வட்டாரத்தில் 1934, 1936 ஆகிய ஆண்டுகளின் வறட்சி, வீரிய ஒட்டு ரகங்கள் பரவுவதற்குத் துணைநின்றது. 1970ஆம் ஆண்டின் ஈரமும் வெம்மையும் அவ்வகை விதைகளில் பின்னாளில் சேர்ந்திருந்த ஒரு பலவீனத்தை வெளிப்படுத்தின. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, ஒரு ரகத்தின் தகுதி அது எதிர்கொண்ட வானிலையைக் கொண்டே மதிப்பிடப்பட்டது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மக்காச்சோளம், வீரிய ஒட்டு ரகம், வறட்சி, இலைக்கருகல், வேளாண் வரலாறு

முன்னுரை

புதிய விதைகளின் பரவல் பெரும்பாலும் அறிவியலின் வெற்றியாகவே எழுதப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் சிறந்த விதை உருவாகிறது, உழவர் அதனை ஏற்கின்றனர், விளைச்சல் உயர்கிறது. இவ்வரிசையில் வானிலைக்கு இடமில்லை. ஆயினும் விதை தன்னை மெய்ப்பித்துக்கொண்ட ஆண்டுகளைத் தனித்தனியே நோக்கினால், உழவர் முடிவுகளில் மழையும் வெப்பமும் ஆற்றிய பங்கு புலப்படும். அயோவா மாநிலத்தை மையமாகக் கொண்ட மக்காச்சோள வட்டாரம் இதற்குத் தக்க சான்றாகும்.

காட்சிக் கதிரும் களத்து விளைச்சலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரத்து உழவர், காற்றின்வழி இயல்பாக மகரந்தச் சேர்க்கை நிகழும் ரகங்களையே பயிரிட்டனர். அவற்றுள் புகழ்பெற்றது 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு பெற்ற ‘ரீட் எல்லோ டென்ட்’ ஆகும். அறுவடையில் நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து மறு ஆண்டுக்கு விதையாக வைத்துக்கொள்வது வழக்கம். கண்காட்சிகளில் கதிரின் நீளம், வடிவம், மணிவரிசையின் ஒழுங்கு ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. அழகிய கதிரே மிகுந்த விளைச்சல் தரும் என்பது அன்றைய நம்பிக்கை. இளைஞராக இருந்த ஹென்றி வாலஸ், பரிசுக்குரிய கதிர்களையும் பிறவற்றையும் தனித்தனியே விதைத்து ஒப்பிட்டு, தோற்றத்துக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை எனக் கண்டார்.

1908இல் ஜார்ஜ் ஷல் வெளியிட்ட ஆய்வு, தன்மகரந்தச் சேர்க்கையால் நலிந்த தூய வழிகளை ஒன்றோடொன்று கலந்தால் வீரியம் மீள்வதைக் காட்டியது. தூய வழிகள் தரும் விதை மிகக் குறைவாக இருந்தமையால் அது உடனே வணிகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. கனெக்டிகட் ஆய்வு நிலையத்தில் டொனால்ட் ஜோன்ஸ் உருவாக்கிய இரட்டைக் கலப்பு முறை இத்தடையை நீக்கியது. 1926இல் வாலஸ் விதை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். எனினும் அடுத்த சில ஆண்டுகளில் பரவல் மெதுவாகவே இருந்தது. ஒட்டு விதையிலிருந்து எடுக்கும் மறுவிதையின் விளைச்சல் குறையும் என்பதால் ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும். தானிய விலை வீழ்ந்திருந்த பொருளாதார மந்தக் காலத்தில் அச்செலவு எளிதன்று.

வறட்சி பயிரைத் தாக்கும் முறை

மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து செடியின் உச்சியிலும் பெண் கதிர் இடைப்பகுதியிலும் அமைந்துள்ளன. கதிரின் ஒவ்வொரு பட்டிழையும் மகரந்தம் பெற்றால்தான் அதற்குரிய மணி உருவாகும். நீர் குறையும்போது பட்டிழைகள் வெளிவருவது தாமதமாகிறது. அதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடக்கூடும். கடும் வெப்பம் மகரந்தத்தின் உயிர்த்திறனையும் குறைக்கிறது. எனவே பூக்கும் பருவத்தை ஒட்டிய சில வாரங்களின் வானிலை, முழுப் பருவத்தின் விளைச்சலையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

1934, 1936: வறட்சி நடத்திய சோதனை

1934 ஜூலையில் அயோவாவின் கியோகக் நகரில் வெப்பம் 118 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸை எட்டியது. 1936 ஜூலையில் நெப்ராஸ்காவின் மின்டனிலும் அதே அளவு பதிவாயிற்று. மக்காச்சோளம் பூக்கும் காலமும் அதுவே. உள்நாட்டுப் போருக்குப் பின் பல பதிற்றாண்டுகளாக ஏக்கருக்கு 26 புஷெலை ஒட்டியே நின்ற தேசியச் சராசரி விளைச்சல், அவ்விரு ஆண்டுகளிலும் சுமார் 19 புஷெலாகச் சரிந்தது.

பழைய ரகங்களின் வயல்களில் கதிர் பிடிக்காத செடிகளும் தட்டை சாய்ந்த செடிகளும் மிகுந்தன. வேரும் தட்டையும் உறுதியாக அமைந்த ஒட்டு ரகங்கள் ஒப்பீட்டளவில் நின்று காய்த்தன. 1935இல் அயோவாவின் மக்காச்சோளப் பரப்பில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ஒட்டு விதை, நான்கே ஆண்டுகளில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது.

இவ்வேகத்துக்கான காரணம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அயோவாவின் 259 உழவரை ஆராய்ந்து 1943இல் கட்டுரை வெளியிட்ட ரயனும் கிராஸும், அண்டை உழவர்வழிப் பரவிய நம்பிக்கையை வலியுறுத்தினர். 1957இல் ஸ்வி கிரிலிகஸ், இலாப வாய்ப்பே பரவலின் வேகத்தைத் தீர்மானித்தது என்றார். பிற்காலத்தில் ரிச்சர்ட் சட்ச், 1936க்கு முன் அந்த இலாபம் உறுதியாகத் தெரியவில்லை என்றும், வறட்சியே ஒட்டு ரகத்தின் மேன்மையைக் கண்கூடாக்கியது என்றும் வாதிட்டார். இவை ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பன அல்ல. அண்டை வயலைப் பார்த்து உழவர் கற்றனர். கற்றது இலாபத்தைப் பற்றியே. அவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது வறண்ட ஆண்டில்.

1970: ஈரம் வெளிப்படுத்திய பலவீனம்

வறட்சி அளித்த சான்று ஒரு வகை வானிலைக்கு மட்டுமே உரியது. ஒட்டு விதை எங்கும் பரவியபின் அதன் உற்பத்திச் செலவு முதன்மைச் சிக்கலாயிற்று. விதை வயல்களில் ஆண் பூங்கொத்துகளை ஆள்விட்டு அகற்ற வேண்டியிருந்தது. ‘டெக்சாஸ்’ எனப்பட்ட ஆண் மலட்டுத்தன்மை கொண்ட சைட்டோபிளாசம் அவ்வேலையை மிச்சப்படுத்தியது. ரகங்களின் பெயர்கள் பலவாயினும், 1970இல் விதைக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ஒரே சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்தன.

அதனைக் குறிப்பாகத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சையினம், ஈரமும் வெம்மையும் சேர்ந்த அவ்வாண்டு வானிலையில் தென்மாநிலங்களிலிருந்து வடக்கே விரைந்து பரவியது. 1969இல் ஏக்கருக்கு ஏறத்தாழ 86 புஷெலாக இருந்த சராசரி 72 புஷெலாகக் குறைந்தது. இவ்வகைச் சைட்டோபிளாசம் இந்நோய்க்கு எளிதில் இலக்காவது 1961இலேயே பிலிப்பைன்சிலிருந்து அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அமெரிக்க வயல்களில் அதுவரை அத்தகைய இழப்பு நேராமையால் எச்சரிக்கை உரிய கவனம் பெறவில்லை. 1972இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை, முக்கியப் பயிர்கள் பலவற்றின் மரபியல் ஒருமையை ஆபத்தாகச் சுட்டியது.

முடிவுரை

1970இன் வீழ்ந்த விளைச்சலும் 1936இன் விளைச்சலைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். உரமும் இயந்திரமும் இவ்வுயர்வில் பங்குபெற்றன எனினும், ஒட்டு ரகங்களின் பயனை மறுக்க இயலாது. அப்பயன் வறட்சியில் மெய்ப்பிக்கப்பட்டபோது, அதுவே எல்லா வானிலைக்குமான சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. உழவர் தம் விதையைத் தாமே தெரிந்தெடுத்த காலத்தில் வயலுக்கு வயல் வேறுபாடு இருந்தது. அதனால் விளைச்சல் குறைந்திருப்பினும் இழப்பும் ஒரே சீராக அமையவில்லை. சராசரி விளைச்சலின் உயர்வோடு, எந்த வானிலையில் எவ்விதை எவ்வளவு பரப்பில் நின்றது என்பதையும் சேர்த்து ஆராயும்போதே ரகங்களின் வரலாறு முழுமை பெறும்.